நாட்டின் நாணயம்

தமிழிலே நாணயம் என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. கையிலே புழங்கும் காசும் நாணயம். கொடுத்த சொல்லைக் காப்பாற்றும் குணமும் நாணயம். "அவர் நாணயமான மனிதர்" என்று ஊரிலே ஒருவரைப் பற்றிச் சொன்னால், அவருக்குப் பத்திரம் எழுதாமலே கடன் கொடுக்கலாம் என்பது அதன் கருத்து. இவ்விரு பொருளும் ஒரு சொல்லிலே வந்து கூடியது எவ்வாறு என்று ஆராய்வது மொழிநூலார் பணி. நாம் அதிற் புகவில்லை. ஆயினும், ஒரு நாட்டின் பணத்துக்கு மதிப்பை அளிப்பது யாது என்னும் வினாவைப் பல ஆண்டுகளாக மாணவர் முன் நின்று விளக்கி வரும் எமக்கு, அதற்குரிய விடையிற் பெரும்பகுதி இந்த ஒரு சொல்லிலேயே அடங்கிக் கிடக்கிறது என்று தோன்றுவதுண்டு.

உயர்தர வகுப்பிலே பொருளியல் படிக்கும் மாணவன் ஒருவன் ஒருநாள் எழுந்து நின்றான். "சேர், ஒரு டொலருக்கு முந்நூறு ரூபா எண்டபடியாத்தானே நாங்கள் ஏழைகளா இருக்கிறம்? பழையபடி அஞ்சு ரூபா ஆக்கிவிட்டா என்ன?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. ஆனால் அது சிரிக்கத்தக்க கேள்வியன்று. பெரியவர்கள் பலர் உள்ளத்தில் வைத்துக்கொண்டு, வாய்விட்டுக் கேளாதிருக்கும் கேள்வி அது.

அவனுக்கு நாம் முதலிற் சொன்னது பிரான்சு தேசத்தின் கதை. 1960ஆம் ஆண்டு சனவரி மாதம் முதலாந் தேதி, டி கோல் அவர்களின் ஆட்சியிலே, நூறு பழைய பிராங்குகளை ஒரு புதிய பிராங்காக மாற்றினார்கள். முதல்நாள் ஒரு டொலருக்கு ஏறக்குறைய 494 பிராங்கு. மறுநாள் ஐந்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால், நூறு பிராங்கு விலையுள்ள பண்டம் ஒரு பிராங்குக்கு விற்கப்பட்டது. தொழிலாளியின் சம்பளத்திலும் இரண்டு பூச்சியங்கள் உதிர்ந்தன. அந்த மாற்றத்தினால் எவரும் செல்வராகவுமில்லை, எவரும் வறியராகவுமில்லை. பூச்சியங்களை அழிப்பதற்கு ஓர் அரசாணை போதும். செல்வத்தை ஆக்குவதற்கு அது போதாது.

அடுத்துச் சொன்னது யப்பானின் கதை. இரண்டாம் உலகப் போரிலே சாம்பராகிக் கிடந்த அந்நாட்டின் பணத்துக்கு 1949ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே ஒரு டொலருக்கு 360 யென் என்று விலை குறித்தார்கள். 1971ஆம் ஆண்டு வரை, இருபத்திரண்டு ஆண்டுகள், அந்த விலை மாறவில்லை. அந்த 360இல் நின்றுகொண்டே யப்பானியர் கப்பல் கட்டினர், கமரா செய்தனர், மோட்டார் வண்டி செய்து உலகெங்கும் விற்றனர். எமது ரூபாவும் 2022ஆம் ஆண்டு மே மாதத்திலே ஒரு டொலருக்கு 360 என்னும் அதே எண்ணைத் தொட்டது. ஆனால் மார்ச்சு மாதத் தொடக்கத்தில் அது இருநூறைச் சற்றே கடந்து நின்றது. எண் ஒன்றே. ஆயினும், அங்கே மக்கள் காலூன்றி நின்ற தரை, இங்கே இரண்டு மாதத்திலே சரிந்து விழுந்த பள்ளம். ஆதலின், ஒரு நாணயத்தின் வலிமையை அறிய விரும்புவோர், எத்தனை என்று கேட்பதிலும் எவ்வளவு காலம் நிற்கும் என்று கேட்பதே பொருத்தமாகும்.

பணத்துக்குப் பின்னாலே தங்கம் இருக்கிறது என்று எண்ணுவோர் இன்றும் பலர். ஒரு காலத்தில் அது உண்மையே. யாழ்ப்பாணத்து அரசர்கள் நந்தியின் உருவும் 'சேது' என்னும் எழுத்தும் பொறித்து வெளியிட்ட காசுக்கு, அதிலுள்ள உலோகமே ஓரளவு விலையாக இருந்தது. பின்னர்க் கடதாசித் தாள் வந்தது. உலோகம் பெட்டகத்துக்குட் சென்றது. 1944ஆம் ஆண்டிற் பிரெற்றன் வூட்ஸ் என்னுமிடத்திற் கூடிய நாடுகள் வகுத்த ஏற்பாட்டின்படி, ஓர் அவுன்சு தங்கம் 35 டொலர் எனவும், ஏனைய நாட்டுப் பணங்கள் அந்த டொலரைச் சார்ந்து நிற்பன எனவும் விதிக்கப்பட்டது. 1950ஆம் ஆண்டில் எமது மத்திய வங்கி தொடங்கியபோது, ஒரு ரூபா 2.88 கிரெயின் சுத்தத் தங்கத்துக்குச் சமம் என்று சட்டத்திலே எழுதப்பட்டிருந்தது. அந்தக் கணக்கிலே ஒரு டொலர் 4 ரூபா 76 சதம். ஆனால் ரூபாத் தாளைக் கொண்டுபோய் வங்கியிலே நீட்டி அந்தத் தங்கத்தைத் தருமாறு எவரும் கேட்க முடியாது. 1971 ஆகத்து 15ஆந் தேதி அமெரிக்க சனாதிபதி நிக்சன், டொலருக்குத் தங்கம் கொடுப்பதை நிறுத்தினார். அன்று தொடக்கம் உலகத்துப் பணங்கள் யாவும் வெறுங் கடதாசியே. ஆயினும் அக்கடதாசிகளிற் சில நிமிர்ந்து நிற்கின்றன. சில வாடி விழுகின்றன. இந்த வேற்றுமைக்குக் காரணம் யாது?

முதற் காரணம், அப்பணத்துக்கு வாங்கத்தக்க பொருள் இருத்தல் வேண்டும் என்பது. எமது சிறு பராயத்திலே, தொண்ணூறுகளில், குடாநாட்டுக்குப் பொருள்கள் வரும் வழிகள் அடைபட்டிருந்தன. கொழும்பிலும் அதே ரூபா, யாழ்ப்பாணத்திலும் அதே ரூபா, அதே கையொப்பம், அதே சித்திரம். ஆனால் இங்கே ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்குக் கொடுத்த காசுக்குக் கொழும்பிலே பல போத்தல் வாங்கலாம். சவர்க்காரக் கட்டியைத் துண்டு துண்டாக வெட்டிப் பயன்படுத்திய தாய்மார்களுக்கு எந்தப் பொருளியலாசிரியரும் பாடம் நடத்தத் தேவை இருக்கவில்லை. பணம் என்பது பொருளைப் பெறும் உரிமைச் சீட்டு. பொருள் இல்லாத இடத்திற் சீட்டுக்கு மதிப்பில்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இதே உண்மையை இலங்கை முழுவதும் ஒருமுறை அறிந்தது கோப்பியினாலே. தேயிலை இந்நாட்டில் ஓங்குவதற்கு முன்னர் மலைநாடு முழுவதும் கோப்பித் தோட்டமாக இருந்தது. 1869ஆம் ஆண்டில் கோப்பி இலையிலே செந்நிறத் தூள் போன்ற ஒரு நோய் கண்டது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது தோட்டங்களைத் தின்று தீர்த்தது. அக்காலத்தில் நாணயத் தாள் வெளியிட்டவை தனியார் வங்கிகள். அவற்றுள் முதன்மையான ஓரியன்டல் வங்கிக் கூட்டுத்தாபனம் 1884ஆம் ஆண்டு மே மாதத்திலே கதவை மூடியது. முதல்நாள் வரை செல்லுபடியான தாள் மறுநாட் காலையிலே வெறுந் துண்டுக் கடதாசியாகும் நிலை. கடைகளும் சந்தையும் கலங்கின. அவ்வேளையிலே தேசாதிபதியாயிருந்த சேர் ஆதர் கோடன், அவ்வங்கியின் தாள்களுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்தார். கலக்கம் தணிந்தது. அதே ஆண்டிற் சட்டம் இயற்றி, தாள் வெளியிடும் பொறுப்பை அரசாங்கமே ஏற்று, வெளியிடும் தாளுக்கு உரிய ஈட்டைச் சேமித்து வைக்கும் முறையையும் வகுத்தது.

இந்த வரலாற்றிலே எமது வினாவுக்கு இரண்டு விடைகள் இருக்கின்றன. அந்தத் தாளை முதலில் தாங்கி நின்றது கோப்பிச் செடி. செடி பட்டுப்போனதும் தாள் வீழ்ந்தது. இரண்டாவதாக அதைத் தாங்கியது ஒரு சொல். தேசாதிபதி அன்று புதிதாக ஒரு கோப்பிக் கொட்டையையும் விளைவிக்கவில்லை. அவர் கொடுத்தது வாக்குறுதி. அவ்வாக்கு நிறைவேறும் என்று மக்கள் நம்பினார்கள். உழைப்பும் வாக்கும் என்னும் இவ்விரண்டு தூண்களின் மேலேதான் எந்த நாட்டுப் பணமும் நிற்கிறது.

உழைப்பு என்று நாம் சொல்வதை இன்றைய வழக்கிற் சொன்னால், அந்நியச் செலாவணி உழைப்பு. எமது ரூபாவை அமெரிக்காவிலே கொண்டுபோய்க் கொடுத்து எண்ணெய் வாங்க முடியாது. எண்ணெய்க்கும் கோதுமைக்கும் மருந்துக்கும் டொலர் வேண்டும். அந்த டொலரை நாம் தேயிலை விற்றும், ஆடை தைத்து விற்றும், உல்லாசப் பயணிகளை வரவேற்றும், வெளிநாடு சென்ற எம்மவர் அனுப்பும் காசினாலும் பெறுகிறோம். வருகின்ற டொலரிலும் வேண்டுகின்ற டொலர் மிகுமாயின் அதன் விலை ஏறும். அதாவது ரூபாவின் விலை இறங்கும். மாரி காலத்திலே சந்தையிற் கத்தரிக்காய் குறைந்தால் விலை ஏறுவதற்கும் இதற்கும் தத்துவம் ஒன்றே. 1967இல் ஒரு டொலர் 5 ரூபா 95 சதமாகவும், 1977இல் ஏறக்குறைய 16 ரூபாவாகவும், 2001இல் எண்பதுக்கு மேலாகவும் ஆன கதை, பெரும்பாலும் உழைப்பிலும் செலவு மிகுந்த ஒரு குடும்பத்தின் கதையே.

விலை இறங்கும்போது அரசாங்கங்கள் அதைக் கட்டளையினால் நிறுத்தப் பார்ப்பதுண்டு. அதன் விளைவை யாழ்ப்பாணத்தவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2021ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே வங்கியில் ஒரு டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபா என்று விலை கட்டி நிறுத்தப்பட்டிருந்தது. உண்டியற்காரர் அதிலும் கூடக் கொடுத்தனர். கனடாவிலோ சுவிற்சலாந்திலோ குளிரில் நின்று உழைத்துத் தாய்க்குக் காசு அனுப்பும் பிள்ளை எந்த வழியை நாடுவான்? 2020இல் வெளிநாட்டிலிருந்து எம்மவர் வங்கி வழியாக அனுப்பிய தொகை ஏறக்குறைய 710 கோடி டொலர். அது 2021இல் ஏறக்குறைய 550 கோடியாகவும், 2022இல் ஏறக்குறைய 380 கோடியாகவும் குறைந்தது. பிள்ளைகள் தாய்மாரை மறந்துவிடவில்லை. பெருந்தொகை வேறு வாசலால் வந்தது. வீட்டுக்குக் காசு வந்து சேர்ந்தது. நாட்டுக்கு டொலர் வந்து சேரவில்லை. மெய்யான விலைக்கும் கட்டளை விலைக்கும் இடைவெளி விரியும்போது, நேர்வழியிற் செல்பவன் நட்டப்படுகிறான். நாணயமாக நடப்பவனைத் தண்டிக்கும் நாணயமாற்று முறை நெடுநாள் நில்லாது.

இனி, வாக்கு என்னும் இரண்டாவது தூணைப் பார்ப்போம். தாள் அச்சிடுவோர் அளவறிந்து அச்சிடுவர் என்பதே பணத்தின் பின்னாலுள்ள வாக்கு. சங்கக்கடையிலே நூறு மூடை அரிசி இருக்கிறது. மனேச்சர் நூறு சீட்டுக் கொடுக்கிறார். எல்லாருக்கும் ஒவ்வொரு மூடை. பின்னர் அவர் இரக்கத்தாலோ, தேர்தலை எண்ணியோ, மேலும் நூறு சீட்டுக் கொடுக்கிறார். அரிசி கூடவில்லை. இப்பொழுது ஒரு சீட்டுக்கு அரை மூடைதான். புதிய சீட்டுப் பெற்றவர் மகிழ்கிறார். பழைய சீட்டை மடித்துப் பத்திரமாக வைத்திருந்தவரின் அரை மூடை, அவர் அறியாமலே போய்விட்டது.

2019ஆம் ஆண்டு முடிவிலே இந்நாட்டில் வரிகள் பெரிதுங் குறைக்கப்பட்டன. பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாயிற்று. அடுத்த ஆண்டிலே கொள்ளை நோய் வந்து உல்லாசப் பயணிகளின் வருகையை நிறுத்தியது. வரி குறைந்தது, செலவு குறையவில்லை. இடைவெளியின் ஒரு பகுதி, மத்திய வங்கி புதிதாக ஆக்கிய பணத்தினால் நிரப்பப்பட்டது. 2019 முடிவில் ஏறக்குறைய 760 கோடி டொலராயிருந்த அந்நியச் செலாவணி ஒதுக்கு, பழைய கடன்களை அடைப்பதிலும் ரூபாவின் விலையைத் தாங்குவதிலும் கரைந்தது. 2022 மார்ச்சு மாதத்திலே ரூபா கைவிடப்பட்டது. ஏப்பிரல் 12ஆந் தேதி வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவு நிறுத்தப்பட்டது. மே மாதத்திலே, பயன்படுத்தக்கூடிய ஒதுக்கு ஐந்து கோடி டொலரிலும் குறைவு என்று நிதியமைச்சர் பாராளுமன்றத்திலே கூறினார். செத்தெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, பணவீக்கம் 69.8 வீதமாயிற்று. எரிவாயுச் சிலிண்டருக்கும் பெற்றோலுக்கும் இரவு பகலாக வரிசையில் நின்றதை வாசகர் மறந்திருக்கமாட்டார்.

அந்த நாட்களிலே எம்முடன் முன்பு படிப்பித்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரைக் கண்டு பேசினோம். வாழ்நாளில் எவரிடத்தும் ஐந்து சதம் கடன்படாதவர். ஓய்வு பெற்றபோது கிடைத்த தொகையை, பழைய வீட்டின் கூரையைப் பிரித்து மேய்வதற்கென்று வங்கியிலே நிலையான வைப்பாக இட்டிருந்தார். மரமும் ஓடும் என்ன விலை என்று விசாரித்துவிட்டு வந்திருந்தார். எம்மைக் கண்டதும் வங்கிப் புத்தகத்தை விரித்துக் காட்டினார்.

"தம்பி, புத்தகத்திலை ஒரு சதமும் குறையேல்லை. அதுக்குள்ளை இருந்த கூரைதான் காணாமப் போச்சு" என்றார்.

பக்கத்திலே நின்ற அவர் மனைவி, "நான் அப்பவே சொன்னனான், பவுணா வாங்கி வைப்பமெண்டு" என்றார். பெரியவர் மறுமொழி சொல்லவில்லை.

நாம் பல நூல்களிற் படித்த பணவீக்கத்தை அந்த ஒரு வார்த்தையிலே கண்டோம். திருடன் வீடு புகுந்தால் பூட்டு உடைந்திருக்கும். வரி அறவிட்டால் பற்றுச்சீட்டுத் தருவார்கள். இங்கே பூட்டும் உடையவில்லை, சீட்டும் இல்லை. கடன்பட்டவனுக்குச் சுமை குறைந்தது. சேமித்தவனுக்குச் சேமிப்புக் குறைந்தது. சேமலாப நிதியை நம்பியிருந்த தொழிலாளியும், வைப்புக்கு வரும் வட்டியில் மருந்து வாங்கும் விதவையும், சீட்டுக் கட்டிச் சேர்த்த தாயும் அந்தச் செலவைச் சுமந்தனர். அந்தப் பெரியவர் தம் நாணயத்தைக் காத்தார். நாடு தன் நாணயத்தைக் காக்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பெண்கள் வங்கியை நம்பாது பவுணை நம்புவதை ஆடம்பரம் என்று பழிப்போர், அந்தப் பழக்கத்துக்குப் பின்னாலே இருக்கும் அனுபவத்தையும் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

விழுந்த நாணயம் எழாது என்பதில்லை. 2022 ஏப்பிரலில் மத்திய வங்கி தன் வட்டி வீதத்தை ஒரே நாளில் ஏழு சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. 2023 மார்ச்சு மாதத்திலே சர்வதேச நாணய நிதியம் ஏறக்குறைய 300 கோடி டொலர் உதவித் திட்டத்துக்கு இணங்கியது. அதே ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம், அரசாங்கத்தின் செலவுக்காக மத்திய வங்கி நேரே பணம் ஆக்கிக் கொடுப்பதைத் தடுத்தது. யூலை மாதத்திற் பணவீக்கம் 6.3 வீதமாக இறங்கியது. வெளிநாட்டுக் காசும் அவ்வாண்டு மீண்டும் வங்கி வாசலுக்கு வந்து ஏறக்குறைய 600 கோடி டொலரை எட்டியது. கட்டளைகளால் வராதது, நம்பிக்கை சற்றே திரும்பியதும் தானாக வந்தது.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. பணவீக்கம் இறங்கியது என்றால் விலை இறங்கியது என்பதன்று. ஏறும் வேகம் குறைந்தது என்பதே பொருள். இந்த மீட்சிக்கும் விலை கொடுத்தவர்கள் மின்சாரக் கட்டணமும் வரியும் கூடக் கட்டிய சாதாரண மக்களே. அந்தப் பெரியவரின் கூரை திரும்பி வரவில்லை. ஒரு நாட்டின் பணத்தை இரண்டு மாதத்திலே வீழ்த்தலாம். நிமிர்த்த ஆண்டுகள் செல்லும். மனிதனின் நாணயத்துக்கும் விதி இதுவேயன்றோ?

எமது தாள்களிலே நிதியமைச்சரின் கையொப்பமும் மத்திய வங்கி ஆளுநரின் கையொப்பமும் இருக்கின்றன. இத்தாள் இந்நாட்டிலே சட்டப்படி செல்லும் என்று அதில் எழுதியிருக்கிறது. எவ்வளவு அரிசிக்குச் செல்லும் என்று அதில் எழுதவில்லை; எழுதவும் முடியாது. அந்த எழுதப்படாத வரியைத் தோட்டத்திற் கொழுந்து கிள்ளும் பெண்ணும், தையல் இயந்திரத்தின் முன் இருக்கும் யுவதியும், வெளிநாட்டில் வேலை செய்யும் மகனும் ஒருபுறம் எழுதுகிறார்கள். வரவுக்கேற்ற செலவை வகுக்கவோ மறுக்கவோ செய்யும் ஆட்சியாளர் மறுபுறம் எழுதுகிறார்கள். இரண்டாமவரைத் தெரிவு செய்பவர்கள் நாமே.

வீட்டிலே ஒரு கலியாணத்துக்கு நாள் வைக்குமுன், செலவுக்கு வழி என்ன என்று நாம் கேட்கிறோம். மாப்பிள்ளை வீட்டார் மனம் நோகுமே என்று அந்தக் கேள்வியை விடுவதில்லை. மேடையேறி, வரியைக் குறைப்போம், சம்பளத்தைக் கூட்டுவோம், எல்லாம் இலவசமாகத் தருவோம் என்பவரிடத்தும் அதே கேள்வியைக் கேட்கும் வழக்கம் எம் மக்களிடையே வருதல் வேண்டும். "இதற்குக் காசு எங்கிருந்து வரும்?" என்னும் அந்தச் சிறு கேள்வியை அஞ்சாமற் கேட்கும் குடிமக்கள் உள்ள நாட்டிலே, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வங்கிப் புத்தகத்தை அச்சமின்றி மடித்து வைத்துவிட்டு உறங்கலாம்.